நாற்பத்தைந்து நிமிட நாற்காலி

வலது கையைத் தூக்கினால் பதில் தெரியும். இடது கையைத் தூக்கினால் தெரியாது. கை தூக்காமல் மட்டும் யாரும் இருக்கக் கூடாது. பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிற விருந்தாளிகளுக்கு வகுப்பு முழுக்கக் கையாகத் தெரிய வேண்டும். ஆசிரியை வலது கையாகப் பார்த்துப் பொறுக்கி எழுப்ப வேண்டும். எங்கள் பள்ளியில் இதற்குப் பெயர் திறந்த பாடம். மூன்று வாரம் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்த்துவிட்டு ஒருநாள் திறந்து காட்டுவது.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே இந்த வித்தையைக் கற்றுக்கொண்டேன். எனக்கு எப்போதும் இடது கைதான். பதில் தெரிந்தாலும் இடது கைதான். குடியிருப்புப் பிள்ளைகளை யாரும் எழுப்பிவிடக் கூடாது என்பதற்காக எங்களுக்கு அப்படி ஒரு நிரந்தர உத்தரவு.

என் பெயர் சனோபர். கிர்கிஸ்தானில் ஓஷ் நகரத்தின் ஓரத்தில், பழைய பருத்தி ஆலைக்குப் பின்னால் ஜர்கோச்சோ என்று ஒரு குடியிருப்பு. நான் அங்கே பிறந்தவள். எங்களை நாங்கள் முகாத் என்கிறோம். ஊர் லூலி என்கிறது, சொல்லும்போதே மூக்கைச் சுருக்கிக்கொள்கிறது. ஆண்கள் பழைய இரும்பு பொறுக்குகிறார்கள். பெண்கள் சந்தை வாசலில் கை நீட்டுகிறார்கள், அல்லது ரஷ்யாவுக்குப் போய்த் தெரு கூட்டுகிறார்கள். என் அம்மா கை நீட்டியவள். குடியிருப்பில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஏழாம் வகுப்புக்குப் பிறகு வேறு பள்ளி விண்ணப்பத்திலும், கல்லூரி விண்ணப்பத்திலும் முகவரி என்ற இடத்தில் நகரத்துத் தெரு ஒன்றின் பெயரைப் பொய்யாக எழுதித்தான் உள்ளே போனேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வெட்கப்பட்டும் சொல்லவில்லை.

நான் படித்த அதே பள்ளியில்தான் இப்போது ‘மனிதனும் சமூகமும்’ என்ற பாடம் நடத்துகிறேன். முன்கட்டில் கிர்கிஸ், உஸ்பெக் பிள்ளைகள். பின்னால் பழைய கொதிகலன் கூடத்தை ஒட்டி இரண்டு அறைகள், தனி வாசல், தனிக் குழாய். அதுதான் பின்கட்டு. குடியிருப்புப் பிள்ளைகள் அங்கே ஏழாம் வகுப்புவரை படிக்கலாம். சட்டப்படி ஒன்பது வருடம். எங்களுக்கு ஏழோடு நாற்காலி தீர்ந்துபோகும்.

அந்த வருடம் மெஹ்ரிநிசோவுக்கு நாற்காலி தீர்ந்துபோயிருந்தது. பதினான்கு வயது. பின்கட்டிலிருந்து ஏழாம் வகுப்பை முதல் மதிப்பெண்ணோடு முடித்தவள். செப்டம்பரில் தன் கையாலேயே மனு எழுதிக்கொண்டு போய்த் துணைத் தலைமையாசிரியை சல்தனத் எஜேயின் மேசைமேல் வைத்தாள். எங்கள் ஊரில் ஆசிரியைகளையும் மூத்த பெண்களையும் எஜே என்றும், ஆண் வாத்தியார்களை அகாய் என்றும்தான் கூப்பிடுவோம். சல்தனத் எஜே மனுவை வாங்கிக்கொண்டு, எட்டாம் வகுப்பில் இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். மெஹ்ரி திரும்பவும் பின்கட்டுக்கு வந்து அதே ஏழாம் வகுப்புப் பாடத்தை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா ஓய்ஷா ரஷ்யாவில் ஒரு சந்தையைக் கூட்டுகிறாள். நவ்ரூஸ் திருநாளுக்கு வருவதாகவும், அதற்குள் பள்ளி இடம் கொடுக்காவிட்டால் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விடப் போவதாகவும் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். அங்கே போனால் மெஹ்ரி கையில் துடைப்பம்தான். நவ்ரூஸ் மார்ச் இருபத்தொன்று. அதற்குள் ஒரு நாற்காலி வேண்டும். வேறு ஒன்றுமில்லை.

ஜனவரியில் எட்டு ஏ வகுப்பின் பொறுப்பாசிரியை வேலையை விட்டுவிட்டு மாஸ்கோவுக்கு ஓடிப்போனார். இந்தச் சம்பளத்துக்கு யாரும் இருக்க மாட்டார்கள். அந்த வகுப்பு தற்காலிகமாக என் தலையில் விழுந்தது. ஒரு லூலிப் பெண்ணிடமா எங்கள் பிள்ளைகள் என்று இரண்டு பெற்றோர் வந்து கத்தினார்கள். வேறு ஆள் கிடைத்ததும் மாற்றிவிடுவதாகச் சல்தனத் எஜே அவர்களைச் சமாதானப்படுத்தினார். நான் அந்த அறையில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பொறுப்பு வந்த மறுநாளே மெஹ்ரியின் மனுவைப் பற்றிப் போய்க் கேட்டேன்.

“நாற்காலி இல்லைன்னு செப்டம்பர்லயே சொல்லியாச்சு. திரும்பத் திரும்ப வந்து நின்னா மரத்துலயா காய்க்கும்?” என்றார் சல்தனத் எஜே.

பிப்ரவரி நடுவில் அவரே கூப்பிட்டு அனுப்பினார். தலைநகரத்திலிருந்து ஒரு குழு வருகிறதாம். கூடவே பள்ளிகளுக்கு உதவும் வெளிநாட்டு அமைப்பின் ஆள் ஒருவர். ‘எல்லோரும் சேர்ந்து படிக்கும் வகுப்பு’ ஒன்றை அவர்கள் பார்க்க வேண்டுமாம். பாடம் குழந்தைகளின் உரிமைகள். நடத்தப் போவது நான். ஏனென்றால் நானே ஒரு காட்சிப்பொருள். குடியிருப்பிலிருந்து வந்த ஆசிரியை.

“பின்கட்டுலேர்ந்து நாலு பேரக் கூட்டிட்டு வந்து எட்டு ஏ-ல உக்கார வை. நல்லா குளிக்க வச்சுக் கூட்டிட்டு வா. பாடம் ஒழுங்கா முடியட்டும், அன்னைக்குச் சாயங்காலமே அந்தப் பொண்ணோட உத்தரவுல கையெழுத்துப் போடறேன்.”

மற்ற மூன்று பேருக்கும் என்று கேட்டேன். ஒன்று கேட்டு வந்தவள் நான்கு கேட்கிறாயா என்றார். நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன். பேரம் பேசத் தெரியாத வீட்டில் நான் பிறக்கவில்லை. இருந்தும் ஒன்றை எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

மெஹ்ரியிடம் சொன்னபோது அவள் துள்ளுவாள் என்று நினைத்தேன்.

“நான் மட்டுமா?” என்றாள்.

“முதல்ல நீ.”

“அப்புறம்?”

அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

“நீங்களும் அவங்க மாதிரியே பேசறீங்க எஜே,” என்றாள். நான் அவளை அறையாமல் விட்டது பெரிய விஷயம். உனக்காக நான் அந்த அம்மாள் முன்னால் போய் நின்றேன், உனக்கு நாக்கு நீளம் என்று திட்டினேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எட்டு ஏ-யில் இருபத்தெட்டு பேர், இருபத்தெட்டு நாற்காலி. நான்கு பேரை எங்கே உட்கார வைப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. சல்தனத் எஜே யோசித்திருந்தார். வகுப்பில் படிப்பு வராத நான்கு பேரை ஒத்திகை நேரத்தில் வெளியே போகவும், பாடத்தன்றைக்கு வீட்டிலேயே இருக்கவும் சொல்லிவிட்டார். இது புதிதில்லை, ஒவ்வொரு திறந்த பாடத்துக்கும் மக்குகளுக்கு விடுமுறை உண்டு. இந்த முறை கூடுதலாக ஒன்று செய்தார். வீட்டில் இருக்கப் போகிறவர்களின் சீருடைகளையும் வாங்கி வைத்துக்கொண்டார், எங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுவிட.

அந்த நான்கு பேரில் ஒருவன் எர்மெக். திக்கிப் பேசுவான். அதனாலேயே ஒரு வருடம் ஃபெயில் ஆக்கப்பட்டு, சொந்தத் தங்கையின் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறான். தங்கை பெகாயிம் வகுப்புத் தலைவி. முதுகு வளையாமல் உட்காருவாள். என்னை எஜே என்று கூப்பிட அவளுக்கு ஒரு மாதம் ஆனது. பெகாயிமுக்குப் பக்கத்தில் எர்மெக்கின் நாற்காலியில் மெஹ்ரி. எர்மெக்கின் கோட்டு, பின்கட்டிலிருந்து வந்த எங்கள் பையன் நோர்பாய் மேல்.

முதல் நாள் ஒத்திகையில் பெகாயிம் தன் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டாள். இரண்டாம் நாள் மேசையின் நடுவில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள். மெஹ்ரியின் முழங்கை கோட்டைத் தாண்டும்போதெல்லாம் அளவுகோலால் தட்டினாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். நாற்பத்தைந்து நிமிட நாடகம் முடிந்தால் உத்தரவு கைக்கு வந்துவிடும். அளவுகோல் அடியெல்லாம் ஒரு அடியா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சல்தனத் எஜே தினமும் வந்து நின்றார். மெஹ்ரிக்கு ஒரே ஒரு வரி கொடுத்தார்: எங்கள் பள்ளியில் அனைவரும் சமம். மற்றக் கேள்விகளுக்கு அவளுக்கும் மூன்று பேருக்கும் இடது கை. மெஹ்ரிக்குப் பதில் தெரிந்த கேள்விகளுக்கெல்லாம் வலது கை தானாக மேலே போயிற்று. பழக்கமில்லாத பிள்ளை. சல்தனத் எஜே அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார். இன்னொரு முறை தூக்கினால் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு அவள் வலது கையின்மேல் உட்கார்ந்துகொண்டாள். நிஜமாகவே தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாம் வாரத்தில் சண்டை வந்தது. கழிப்பறைக்குப் பின்னால் கூட்டம் என்று ஓடினேன். பெகாயிம் நோர்பாயின் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மெஹ்ரி பெகாயிமின் கையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“எங்க அண்ணன் கோட்டக் கழட்டுடா, திருட்டு லூலி.”

மெஹ்ரி பல்லை எடுத்தாள். “நாங்களா திருடினோம்? உங்க அண்ணன வீட்ல இருன்னு சொன்னது நானா? போய் அந்தப் பொம்பளையக் கேளுடி. கேக்க மாட்ட. அவங்ககிட்ட உனக்கு வாய் வராது. எங்ககிட்டதான் வரும்.”

பிரித்துவிட்டு இரண்டு பேரையும் ஒரே மாதிரி திட்டினேன். பெகாயிம் கையில் பல் பதிந்த இடம் நீலமாகியிருந்தது. அவள் அழவில்லை. மெஹ்ரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாளிலிருந்து மேசையில் கோடு இல்லை, அளவுகோல் இல்லை, பேச்சும் இல்லை. சனியன் விட்டது என்று நான் நிம்மதியானேன்.

பாடத்துக்கு முந்தின நாள் மாலை அந்த இரண்டு பேரும் பருத்தி ஆலைச் சுவர் ஓரம் ஒரு மணி நேரம் நின்று பேசியதாக நோர்பாய் பின்னால் ஒருநாள் சொன்னான். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். பாதி நேரம் கெட்ட வார்த்தைதான் என்றான்.

பாடத்தன்று காலை வெயிலும் சேறுமாக இருந்தது. பின்வரிசையில் தலைநகரத்து அதிகாரி அம்மாள், வெளிநாட்டுக்காரர், அவருக்கு மொழிபெயர்க்கும் ஒரு இளம்பெண். ஜன்னல் ஓரத்தில் சல்தனத் எஜே, கையில் சிவப்புக் கோப்பு. மெஹ்ரியின் உத்தரவு அதற்குள் இருப்பதை வகுப்புக்கு வரும் வழியில் எனக்குப் பாதி திறந்து காட்டியிருந்தார்.

நான் முதல் கேள்வியைக் கேட்டேன். “ஒரு குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் உள்ள முதல் உரிமை எது?”

இருபத்தெட்டு கைகளும் மேலே போயின. எல்லாம் இடது கை.

விருந்தாளிகள் தலையை ஆட்டி ரசித்தார்கள். எத்தனை ஆர்வமான வகுப்பு. அந்த அறையில் இருந்த பெரியவர்களில் அது என்னவென்று தெரிந்தது எனக்கும் சல்தனத் எஜேவுக்கும் மட்டும்தான். அவர் முகத்தில் முதலில் ஒன்றும் மாறவில்லை. பிறகு கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே வந்தது.

இந்தக் கேள்வி பெகாயிமுடையது. அவளையே எழுப்பினேன். எழுந்தாள்.

“எனக்குத் தெரியாது எஜே.”

உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வரிசையில் இன்னொரு பையனை எழுப்பினேன். அவனும் தெரியாது என்றான். மூன்றாவது பெண்ணும். மொழிபெயர்க்கும் பெண் ஒவ்வொரு தடவையும் வெளிநாட்டுக்காரரின் காதில் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கைகள் மட்டும் இறங்கவே இல்லை.

அப்போது நான் கூப்பிடாமலே மெஹ்ரி எழுந்தாள்.

“எனக்குத் தெரியும் எஜே. ஆனா நான் உக்காந்திருக்கிறது எர்மெக்கோட நாற்காலி. அவனை இன்னைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு அவன் வந்துருவான், நான் பின்கட்டுக்குப் போயிருவேன். அதனால நின்னுட்டே சொல்றேன்.”

மேசையை விட்டு வந்து சுவர் ஓரமாக நின்றாள். மற்ற மூன்று பேரும் அவள் பின்னாலேயே வந்தார்கள். நோர்பாய் கோட்டைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு வந்தான். உள்ளே கிழிந்த பனியன். நான்கு காலி நாற்காலிகள்.

“படிக்கிற உரிமை. இவங்களுக்கெல்லாம் எப்பவும் இருக்கு. வீட்டுக்கு அனுப்பின நாலு பேருக்கு இன்னைக்கு இல்ல. எங்களுக்கு இன்னைக்கு மட்டும் இருக்கு.”

நான் வாய் திறந்திருக்க வேண்டும். அவள் சொல்வது உண்மை என்ற மூன்று வார்த்தை போதும். என் கண் சிவப்புக் கோப்பின்மேல் இருந்தது.

சல்தனத் எஜே சிரித்துக்கொண்டே மொழிபெயர்ப்புப் பெண்ணிடம் போய்க் குனிந்தார். இது புது முறை, பிள்ளைகள் பாத்திரம் ஏற்று நடிக்கிறார்கள், உரிமை மறுக்கப்பட்டவன் எப்படி உணர்வான் என்று காட்டுகிறார்கள் என்று சொன்னார். வெளிநாட்டுக்காரருக்குப் பிடித்துப்போயிற்று. எழுந்து வந்து, சுவர் ஓரம் நின்ற நான்கு பேரையும் படம் எடுத்தார். நோர்பாயின் பனியனைக் கிட்டத்தில் வைத்து இன்னொரு படம் எடுத்தார். ஒப்பனை நன்றாக இருப்பதாக நினைத்திருப்பார்.

அதிகாரி அம்மாள் நம்பவில்லை. அவர் நான்கு பேரின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீருடையைக் கடன் வாங்கியவர்கள் செருப்புகளைக் கடன் வாங்க மறந்திருந்தார்கள். ஜர்கோச்சோவின் மஞ்சள் சேறு அப்படியே இருந்தது. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

“பாடத்த நடத்துங்க,” என்றார். அவ்வளவுதான்.

நடத்தினேன். கேள்வி கேட்கக் கேட்க இருபத்து நான்கு இடது கைகளும் சுவர் ஓரத்தில் நான்கு வலது கைகளும் எழுந்தன. எனக்கு எழுப்ப வேறு ஆள் இல்லை. நான்கு பேரும் மாறி மாறிப் பதில் சொன்னார்கள். மெஹ்ரி சொன்னாள், நோர்பாய் தடுமாறிச் சொன்னான், மற்ற இரண்டு பெண்களும் சொன்னார்கள். பின்கட்டில் யாரும் அவர்களை ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. மூன்று வாரம் அடுத்தவர்களுக்கு ஊட்டிய பதில்களைக் கேட்டே மனப்பாடம் ஆகியிருந்தது.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. முறைப்படி அப்போது மதிப்பெண்ணை வாய்விட்டுச் சொல்லிப் பதிவேட்டில் எழுத வேண்டும். விருந்தாளிகளுக்குப் புலாவ் ஆறிக்கொண்டிருக்கிறது, மதிப்பெண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சல்தனத் எஜே எழுந்தார். வெளிநாட்டுக்காரரும் எழுந்தார்.

“எஜே,” என்றாள் மெஹ்ரி சுவர் ஓரத்திலிருந்து. “எங்க மார்க்கு?”

சல்தனத் எஜே விருந்தாளிகளுக்கு வாசலைக் கை காட்டினார்.

“பதில் சொன்னது நாங்க நாலு பேர். மார்க்கப் போடுங்க.”

அவள் கேட்டது மதிப்பெண் இல்லை. எங்கள் பள்ளியில் மாணவர் பட்டியல் பதிவேட்டின் முதல் பக்கத்தில் மையால் எழுதப்படுகிறது. அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. ஒரு பெயரை அடிக்க வேண்டுமானால் காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரை குத்த வேண்டும். மதிப்பெண் விழுந்த பெயரை அடிப்பது அதைவிடச் சிரமம். பெயர் இல்லாதவருக்கு மதிப்பெண் போட முடியாது. மூன்று வாரம் முன்வரிசையில் உட்கார்ந்து நான் பதிவேட்டில் எழுதுவதை அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மொழிபெயர்ப்புப் பெண் காதில் சொன்னாள். வெளிநாட்டுக்காரர் திரும்பவும் உட்கார்ந்தார். நாடகத்தின் கடைசிக் காட்சி போலிருக்கிறது.

“சனோபர்,” என்றார் சல்தனத் எஜே. குரல் தேன்போல் இருந்தது. “பதிவேடு என் அறையில இருக்கட்டும். கொண்டு வா.”

பதிவேடு என் மேசையில் இருந்தது. ஜன்னல் ஓரத்தில் கோப்பு. கோப்பில் ஒரு பெயர், சுவர் ஓரத்தில் நான்கு பேர். கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அன்று மாலை மெஹ்ரிக்கு இடம். மற்ற மூன்று பேரும் பின்கட்டுக்கு. நான் அதற்குத்தான் ஒத்துக்கொண்டிருந்தேன்.

உட்கார்ந்தேன். முதல் பக்கத்தைத் திறந்தேன். இருபத்தெட்டாவது பெயருக்குக் கீழே எழுதினேன். இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. அவசரத்தில் நோர்பாயின் பெயர் கோணலாக விழுந்தது. என் பாடத்தின் பக்கத்தில் மூன்று பேருக்கு ஐந்துக்கு ஐந்தும், நோர்பாய்க்கு நான்கும் போட்டு வாய்விட்டுப் படித்தேன். மற்றவர்களுக்கு அன்று மதிப்பெண் இல்லை. வராத நான்கு பேருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று குறி போடப் போனேன்.

பெகாயிம் எழுந்தாள். “எர்மெக் வராம இல்ல எஜே. வர விடல.”

அதற்குப் பதிவேட்டில் குறி கிடையாது. நான்கு கட்டங்களையும் வெறுமையாக விட்டேன். வெளிநாட்டுக்காரர் கை தட்டினார். கூடவே யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டார்.

புலாவ் முடிந்து வண்டி போன பிறகு சல்தனத் எஜேயின் அறைக்குப் போனேன். அவர் கத்துவார் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை. கோப்பைத் திறந்து உத்தரவை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“பாரு. காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டேன். நான் சொன்னா சொன்னதுதான். உன்ன மாதிரி இல்ல.”

நிஜமாகவே கையெழுத்து இருந்தது. அவர் தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அந்தப் பொண்ணு இனிமே இந்த ஊர்ல எந்தப் பள்ளிக்கூடத்துலயும் எட்டாங்கிளாஸ் படிக்காது. அதுக்குக் காரணம் நான் இல்ல, நீ. உங்க ஆளுங்களுக்கு ஒண்ணு குடுத்தா போதாது. வீட்டு வாசல்ல வந்து நிக்கும்போதும் இப்படித்தான், ரொட்டி குடுத்தா காசு கேப்பீங்க.”

“எங்கம்மா உங்க வாசல்ல நின்னுருக்காங்களா?” என்றேன்.

“நின்னுருப்பா. யாருக்கு முகம் ஞாபகம் இருக்கும்?”

இதற்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. அச்சில் வராது.

மறுநாள் அவர் புதுப் பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்து ஆசிரியர் அறை மேசையில் போட்டார். எட்டு ஏ-யின் பழைய பதிவேட்டில் தேநீர் கொட்டிவிட்டதாம். இருபத்தெட்டு பெயரோடு புதிதாக எழுத வேண்டும், ஒவ்வொரு பாட ஆசிரியரும் தங்கள் பக்கத்தை நாளை மறுநாளுக்குள் பெயர்த்து எழுத வேண்டும் என்றார். தேநீர் கொட்டவில்லை. பழைய பதிவேடு என் அலமாரியில் பூட்டில் இருந்தது. கொடுக்க மாட்டேன் என்றேன். வேலை போகும் என்றார். போகட்டும் என்றேன்.

காப்பாற்றியது நான் இல்லை. நல்ல மனசும் இல்லை. செப்டம்பரிலிருந்து மார்ச்வரை பதினான்கு பாடங்கள், இருபத்தெட்டு பிள்ளைகள், நாள்வாரியாக மதிப்பெண். அதைத் திரும்ப எழுத வேண்டும் என்றதும் ஆசிரியர் அறையில் ஒரே முணுமுணுப்பு. ஆறு மாத மதிப்பெண்ணை எங்கிருந்து கொண்டுவருவது, அதில் பாதி, மாதக் கடைசியில் உட்கார்ந்து மனசுக்குத் தோன்றியபடி போட்டதுதானே என்று வேதியியல் எஜே வாய்தவறி ஒப்புக்கொண்டார். கணக்கு வாத்தியார் ஜெங்கிஷ் அகாய் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.

“அந்த நாலும் இருந்துட்டுப் போகட்டும். நாத்தம் அடிச்சா ஜன்னலத் திறந்து வச்சுக்கறேன். எழுத என்னால ஆகாது, எனக்குத் தோள் வலி.”

ஒருவர் மறுத்ததும் எல்லோருக்கும் தோள் வலித்தது. சல்தனத் எஜே தானே எழுத உட்கார்ந்தார். முதலில் வரும் தாய்மொழிப் பாடத்தையே தாண்டவில்லை. பெயரை அடிப்பதற்கான படிவத்தில் காரணம் என்ற கோட்டுக்கு எதிரே என்ன எழுதுவது என்று தலைமையாசிரியரைக் கேட்டாராம். அவர் எனக்குக் கூட்டம் இருக்கிறது என்று கிளம்பிப் போய்விட்டாராம்.

நவ்ரூஸுக்கு இரண்டு நாள் முன்னால் ஓய்ஷா வந்தாள். ரஷ்யக் குளிரில் வெடித்த கையோடு நேரே பள்ளிக்கு வந்து, முன்வாசல் காவல்காரனிடம் திட்டு வாங்கிக்கொண்டு என் வகுப்பு வாசலில் நின்றாள். இடம் கொடுத்த சீட்டு எங்கே என்றாள். சீட்டு இல்லை. பதிவேட்டைத் திறந்து காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இது செல்லுமா என்று என்னை மூன்று முறை கேட்டாள். செல்லாமல் ஆக்க இங்கே யாருக்கும் சோம்பல் தெளியவில்லை என்று எப்படிச் சொல்வது. இன்றைக்குச் செல்லும் என்றேன். அப்படியென்றால் பள்ளி வருடம் முடியும் மே வரைக்கும் இருக்கட்டும், அதற்குப் பிறகு தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, பெண்ணுக்கு வாங்கிவந்த காலணிகளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

எட்டு ஏ-யில் இப்போது முப்பத்திரண்டு பேர், இருபத்தெட்டு நாற்காலி. கூடுதலாகக் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. நான்கு மேசைகளில் மூன்று மூன்று பேராக இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு உட்காருகிறார்கள். எர்மெக்குக்கும் பெகாயிமுக்கும் நடுவில் மெஹ்ரி. அன்பு ஒன்றும் பொங்கி வழியவில்லை. “ஒழுங்கா உக்காரு, எம்மேல படாத,” என்கிறாள் பெகாயிம். “உன்மேல பட எனக்கென்ன வேண்டுதலா?” என்கிறாள் மெஹ்ரி. இரண்டு பேரும் சேர்ந்து எர்மெக்கைத் திக்காமல் பேசச் சொல்லி அதட்டுகிறார்கள். அவன் இன்னும் அதிகமாகத் திக்குகிறான்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் ஜெங்கிஷ் அகாய் கணக்குத் தேர்வில் குடியிருப்புப் பிள்ளைகள் நான்கு பேருக்கும் இரண்டு போட்டுவிட்டார். இரண்டு என்றால் ஃபெயில். இரண்டு பாடத்தில் இரண்டு வாங்கினால் ஒன்பதாம் வகுப்பு இல்லை. பெயரை அடிக்க முடியாவிட்டால் என்ன, இப்படியும் ஒரு வழி இருக்கிறது. மெஹ்ரி விடைத்தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஐந்து கணக்கில் நான்கு சரியாக இருந்தது. நோர்பாயுடையதில் மூன்று சரி.

நான் எழுந்து, வா, நான் அவரிடம் பேசுகிறேன் என்றேன்.

“வேணாம் எஜே,” என்றாள். தாள்களை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். “நீங்க வந்தா எனக்கு ஒருத்திக்கு மூணு போட்டாப் போதும்னு ஒத்துக்கிட்டு வந்துருவீங்க.”

நடைவழியில் மற்ற மூன்று பேரும் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். கணக்கு வாத்தியாரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் தட்டவில்லை. தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனாள்.